வால்வு ஆம்ப்ளிஃபயர்: வாங்குவதா, நாமே செய்வதா?

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் ஸ்பீக்கரைத் திருப்பி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு வாருங்கள். சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 84 டெசிபல், 88, 92 என்பதுபோல. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் சத்தம் அது. இந்த ஒற்றை எண்ணைப் பார்க்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எளியது. வாட் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். 84 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பத்து வாட் கொடுத்தால் 94 வரும். 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரே வாட் போதும், அதைத் தாண்டிவிடும். பி.பி.சி. வடிவமைத்த புகழ்பெற்ற எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர் 82 டெசிபல் அளவில்தான் நிற்கிறது. குரலுக்கு அவ்வளவு அழகு, ஆனால் வாட்டைக் குடிக்கும். அப்படிப்பட்ட ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு எட்டு வாட் தருகிற 300பி ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஆசைப்பட்டால் தவில் விழுகிற இடத்திலெல்லாம் சத்தம் நசுங்கும். வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. உங்கள் ஸ்பீக்கர் 88-க்கு மேல் இருக்கிறது, அறை பத்துக்குப் பன்னிரண்டடி என்றால், சானலுக்குப் பத்து வாட் தருகிற இ.எல்.84 வால்வு ஜோடி தாராளம். இந்த அத்தியாயம் முழுக்க அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எனக்கு நன்றாகப் பழக்கமான வால்வு அது.

இன்னொரு கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம். நான்கு இ.எல்.84 வால்வுகளின் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுக்கும். மற்றவற்றையும் கூட்டினால் சுவரிலிருந்து ஏறக்குறைய 90 வாட் போகும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் பதினோரு யூனிட். கரண்ட் பில் பெரிதாக ஏறாது, ஆனால் அந்த 90 வாட்டும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் இறங்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் வைப்பதாக எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

திறக்கப்போவது யார்?

வாங்குவதா, செய்வதா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு: இன்னும் மூன்று வருஷத்தில் இதன் அடித்தட்டைக் கழற்றப்போவது யார்?

வால்வு ஆம்ப்ளிஃபயர் திறக்கப்படாமல் ஆயுளை ஓட்டுகிற பொருள் அல்ல. பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும், பிறகு மாற்ற வேண்டும். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் வருஷத்துக்கு 1,460 மணி. சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துபோகும். வால்வு சாக்கெட்டின் பிடி தளரும். இவையெல்லாம் பழுது என்று சொல்ல முடியாதவை, வண்டிக்கு டயர் தேய்வதைப் போன்றவை. டயர் மாற்ற ஆளில்லாத ஊரில் வண்டி வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன்.

என் முதல் வால்வு ஆம்ப்ளிஃபயர் நான் வாங்கியது. வெளியூரிலிருந்து பார்சலில் வந்தது, பெட்டியோடு பதினெட்டு கிலோ. எட்டு மாதம் தேனாகப் பாடியது. ஒரு ராத்திரி இடது பக்கம் ‘படக்’ என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. விற்றவரைக் கேட்டால் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வால்வுகளைக் கழற்றித் தனியாகப் பொதிய வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. போகிற வழியில் இரண்டு உடைந்தன. அதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கு இரண்டு மாதம் ஓடியது. பெட்டி பழையபடியே திரும்பி வந்தது. கடைசியில் கோவையில் ஒரு சந்துக்குள், அந்தக் காலத்துக் கல்யாண மைக் செட்டுகளுக்கு ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருவர் அதைத் திறந்தார். கருகிப்போன ஒரு ரெசிஸ்டரை டார்ச் அடித்துக் காட்டினார். “வால்வு போனா தனியாப் போகாது தம்பி, பக்கத்துல இருக்கறதையும் கூட்டிட்டுத்தான் போகும்” என்றார். கேத்தோடு ரெசிஸ்டர். டீ விலைகூட இராது. வால்வுக்குள் ஷார்ட் ஆனதும் அது தன்னை எரித்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருந்தது.

அந்தப் பெரியவரைப் போல ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா? இருந்தால் தைரியமாக வாங்குங்கள். விற்கிறவரே ஒரு பஸ் தூரத்தில் பட்டறை வைத்திருந்தாலும் வாங்கலாம். இருவரும் இல்லையென்றால் அந்த ஆளாக நீங்களே ஆக வேண்டும். அதற்கு ஒரே பாடசாலை, ஒன்றைக் கையால் செய்து பார்ப்பதுதான்.

பணம்

செய்தால் மலிவு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபயரில் அது உண்மையில்லை. என் செலவு நோட்டில் பாதிக்கு மேல் டிரான்ஸ்பார்மர்களுக்கே போயிருக்கிறது: ஒரு பவர் டிரான்ஸ்பார்மர், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அடுத்தது வால்வு. ரெசிஸ்டர், கண்டென்சர், சாக்கெட், ஒயர் எல்லாம் சேர்ந்தாலும் கடைசி இடம்தான். தொழிற்சாலை நூறு டிரான்ஸ்பார்மரை மொத்தமாகச் சுற்றிக்கொள்ளும். நமக்கு மூன்றே மூன்று. ஆகவே நுழைவு நிலை ஆம்ப்ளிஃபயரை விலையில் தோற்கடிக்க நம்மால் ஆகாது. மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், துளை போடும் கட்டர் எதுவும் இல்லாமல் தொடங்குகிறவருக்குச் செலவு இன்னும் கூடும்.

விலை ஏற ஏறக் கணக்கு திரும்புகிறது. நல்ல இரும்பு, அதாவது சிலிக்கான் ஸ்டீலில் அடுக்கடுக்காகச் சுற்றிய கனமான அவுட்புட் டிரான்ஸ்பார்மர், உள்ள ஆம்ப்ளிஃபயர்களில் பெட்டியின் பளபளப்பு, இறக்குமதி வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் விலையில் ஏறியிருக்கும். அந்தத் தரத்தை வீட்டில் செய்தால் உண்மையாகவே மிச்சம். ஆனால் முதல் முயற்சியிலேயே அந்தத் தரத்துக்குக் கை வைக்கக் கூடாது என்பதால், மிச்சம் பிடிக்க நினைத்துச் செய்ய இறங்குகிறவருக்கு முதல் ஆம்ப்ளிஃபயரில் மிச்சம் கிடைக்காது. கை பழகும்.

வாங்குகிறவர்களுக்கு

முதலில் தூக்கிப் பாருங்கள். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் இருந்தாக வேண்டும், டிரான்ஸ்பார்மர் என்றால் இரும்பு, இரும்பு என்றால் எடை. ஒரு கையில் அடங்கி, 24 வோல்ட் அடாப்டரில் ஓடி, நெற்றியில் இரண்டு சின்ன வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மின்னினால், அதில் ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் சிப். வால்வு முன்வரிசையில் பெயருக்கு வேலை செய்யும். சிலவற்றில் அந்த ஆரஞ்சு வெளிச்சம்கூட வால்வுக்கு அடியில் வைத்த எல்.இ.டி.யுடையது. அந்தப் பெட்டியில் சத்தம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் நாம் தேடுகிற பொருள் அது இல்லை.

இரண்டாவது, அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பழைய செட். பின்னால் 120 அல்லது 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். வோல்ட்டைக் குறைக்கலாம், அலைவெண்ணை மாற்ற முடியாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அறுபதுக்கென்றே கணக்காகச் செய்த இரும்புக்குள் ஐம்பதில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். டிரான்ஸ்பார்மர் உறுமும், கொதிக்கும். 50/60 என்று இரண்டும் போட்டிருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

மூன்றாவது, வால்வின் பெயர். இன்றும் உலகில் வால்வு செய்கிற தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஸ்லோவாக்கியாவில் ஜே.ஜே., ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்தில் ஒன்று, சீனாவில் சில. இ.எல்.84, இ.எல்.34, இ.சி.சி.83, கே.டி.88 எல்லாம் புதிதாகவே கிடைப்பதற்குக் காரணம் நம்மைப் போன்ற பாட்டுப் பிரியர்கள் மட்டுமல்லர். கிட்டார் வாசிக்கிறவர்களின் ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் வால்வில் ஓடுவதுதான் பெரிய காரணம். அவர்கள் வாங்கும் வால்வையே நாமும் வாங்கினால் தட்டுப்பாடு வராது. பெங்களூரின் பி.இ.எல். ஒரு காலத்தில் செய்த வால்வுகள் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய ரேடியோ கடைகளிலும் இன்றும் தட்டுப்படும், கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இ என்று தொடங்கினால் ஹீட்டர் 6.3 வோல்ட். பி என்று தொடங்கினால் பழைய டி.வி.க்கு வந்தது, பி.எல்.84-க்கு ஹீட்டரே 15 வோல்ட். ‘ரெண்டும் 84 தான் சார்’ என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் ஓடவிட்டுக் கேட்கும்போது பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, ஸ்பீக்கரில் காதை வைத்து, ‘ம்ம்ம்’ என்ற முனகல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரடி தள்ளி வந்தால் அது மறைய வேண்டும். பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த வால்வு மைக் மாதிரி வேலை செய்கிறது, மாற்றச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பவர் வால்வுகளைப் பாருங்கள். கண்ணாடியின் உள்சுவரில் நீல ஒளி படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். நடுவில் இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்தால் ஆபத்து. வால்வு தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. கண்ணாடியின் உள்ளே வெள்ளி பூசினாற்போல இருக்கும் இடம் பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

திறக்கவே விருப்பமில்லை, வால்வை மட்டும் பிடுங்கி மாற்றிக்கொள்கிறேன் என்பவர்கள் கேத்தோடு பயாஸ் உள்ளதை, அதாவது கடைக்காரர்கள் ‘ஆட்டோ பயாஸ்’ என்கிறதை, வாங்குங்கள். புது வால்வு போட்டால் மின்னோட்டம் பெரும்பாலும் தானே சரியாகிக்கொள்ளும். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துத் திருக வேண்டும்.

ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாட விடக் கூடாது. டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்கள் செய்கிற தவறு இது. சுமை இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்ட் எகிறி, உள்ளுக்குள்ளேயே பொறி பறந்து வைண்டிங் போய்விடும்.

செய்கிறவர்களுக்கு

வாங்குவதா செய்வதா என்ற கேள்வி புதிதல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் டைனாகோ நிறுவனம் 1959-ல் ஸ்டீரியோ 70 என்ற ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது, முழுதாகச் செய்ததையும் விற்றது, பாகங்களாகப் பெட்டியில் போட்டுக் கிட்டாகவும் விற்றது. சானலுக்கு 35 வாட், நான்கு இ.எல்.34. அதை வடிவமைத்தவர்கள் வாங்குகிறவரின் கையை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். தவறு நேரக்கூடிய டிரைவர் பகுதியைப் போர்டில் பற்றவைத்தே கொடுத்துவிட்டார்கள். பயாஸ் சரி பார்க்க வெளியிலேயே மீட்டர் முனை வைக்க இடம் விட்டார்கள்: 15.6 ஓம் ரெசிஸ்டரின் மேல் 1.56 வோல்ட் வரும்வரை திருகினால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர், முடிந்தது வேலை. அவர்கள் தேர்ந்த 7199 என்ற வால்வு மட்டும் பின்னாளில் அரிதாகிப்போக, வேறு வால்வில் ஓடும் போர்டுகளைப் பலரும் செய்து விற்க வேண்டியதாயிற்று. நான் வால்வின் பெயரைப் பற்றி மேலே அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

இங்கிலாந்தில் முல்லார்ட் வேறு வழியில் போனது. தன் வால்வு விற்க வேண்டும் என்பதற்காகத் தானே சர்க்யூட்டை வெளியிட்டது. 5-10 என்பது அவற்றுள் பிரபலமானது: ஐந்து வால்வு, பத்து வாட். கடைசியில் நிற்பவை இரண்டு இ.எல்.84. இன்றைக்கு முதல் தடவை செய்கிறவருக்கும் அந்த வம்சத்துச் சர்க்யூட்டையே சொல்வேன். எழுபது வருஷமாக ஆயிரக்கணக்கான மேஜைகளில் ஓடி, எங்கே தவறும், ஏன் தவறும் என்பது தெரிந்துபோன சர்க்யூட். புதுமையை இரண்டாவது ஆம்ப்ளிஃபயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் கிடைத்தால் அதில் தொடங்குவது நல்லது. இரண்டு மிமீ அலுமினியத் தகட்டில் வால்வு சாக்கெட்டுக்கு 22 மிமீ துளையை வட்டம் கோணாமல் போடுவது பலருக்கு சால்டரிங்கை விடக் கஷ்டமாக இருக்கிறது. கிட்டில் அந்தத் தகட்டு வேலை முடிந்தே வரும். இல்லையென்றால் வரைபடத்தோடு ஒரு லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

எனக்குச் செய்து முடிக்கப் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பாட்டுக் கேட்கிற ஞாயிறுகளை இழந்து ஈயப்புகையில் உட்கார வேண்டுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மேஜை பிடித்திருந்தது. ஹீட்டர் ஒயரை முறுக்கித் தகட்டின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோவதிலும், எல்லா எர்த்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்த வேலை பிடிக்காதவர்கள் செய்ய வேண்டாம். பாதியில் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிய ஆம்ப்ளிஃபயர்கள் ஏராளம்.

உயிர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உள்ளே ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சரில் உட்கார்ந்திருக்கும். 400 வோல்ட்டில் நிரம்பிய 100 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்குள் இருப்பது எட்டு ஜூல். ஒரு கையில் நுழைந்து மறு கை வழியே வெளியேறினால் நெஞ்சைக் கடந்துதான் போகும். ஆகவே கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். அணைத்ததும் வடியத் தொடங்கி, ஒன்றரை நிமிஷத்தில் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். வந்துவிட்டதா என்பதை மீட்டர் சொல்ல வேண்டும். கடிகாரத்தை நம்பிக் கை வைக்காதீர்கள், அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் விட்டுப்போயிருக்கலாம். உயிரோடு அளக்கும்போது கறுப்பு முனையைத் தகட்டில் கவ்விவிட்டு, ஒரு கையைப் பையில் போட்டுக்கொண்டு, மறு கையால் அளக்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போதும் தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம். சின்னக் குழந்தைகள் ஓடுகிற வீடென்றால், மேஜைக்குப் பூட்டுகிற அறை கிடைக்கும்வரை செய்வதைத் தள்ளிப்போடுங்கள். வாங்கினாலும் வால்வுக்கு மேல் கம்பிக்கூடு உள்ளதாக வாங்குங்கள்.

எர்த்தைச் சோதியுங்கள். மூன்று ஓட்டை பிளக் இருக்கிறது என்பதற்காக மூன்றாவது ஓட்டையில் எர்த் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு ஆம்ப்ளிஃபயருக்கு வாருங்கள். பழகிப் பார்ப்பதற்கென்று பழைய வால்வு ரேடியோவைத் திறக்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: உள்ளே யு என்று தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட். தகடே நேராக மெயின்ஸில் நிற்கும். தாத்தா காலத்தில் இலங்கை வானொலி கேட்ட செட்டாக இருந்தாலும் தொடாதீர்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்ப் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தொடரில் ஒரு 100 வாட் பழைய குண்டு பல்ப், எல்.இ.டி. பல்ப் உதவாது. வால்வுகளைச் செருகாமல் சுவிட்சைப் போட்டால் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் நிரம்பியதும் மங்கி அணைந்தாற்போல ஆக வேண்டும். மங்காமல் நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். மங்கியதும் வோல்ட்டுகளை அளந்து எழுதி, அணைத்து, வடியவிட்டு, வால்வுகளைச் செருகி மறுபடி போடுங்கள். இப்போது ஹீட்டர்கள் இழுப்பதால் பல்ப் மிதமாக எரிந்துகொண்டே இருக்கும். தகடுகள் சிவக்கவில்லை, புகை இல்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம். கேத்தோடில் 270 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதன் மேல் 10.8 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 10.8-ஐ 270-ஆல் வகுத்தால் 40 மில்லிஆம்பியர். இ.எல்.84-ன் தகடு தாங்குவது 12 வாட். 290 வோல்ட்டில் அந்த மின்னோட்டத்தோடு எல்லைக்குள் நிற்போம்.

என்னுடையது முதல் ராத்திரியே எல்லா வோல்ட்டும் சரியாகக் காட்டியது. மகிழ்ச்சியாகச் சிக்னல் கொடுக்கப் போனேன், கொடுப்பதற்குள் வலது ஸ்பீக்கர் ஊளையிட்டது. தெருநாய்கள் பதில் சொல்லும் அளவுக்கு ஊளை. பதறி அணைத்துவிட்டேன். சர்க்யூட்டில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஒரு ஒயர் முன்வரிசை வால்வுக்குத் திரும்பி வரும். பிழையைக் குறைப்பதற்கான ஃபீட்பேக் அது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பிளேட் ஒயர்களும் இடம் மாறியிருந்தால், குறைக்க வேண்டியது கூட்டிவிடும். மறுநாள் அந்த இரண்டு ஒயர்களையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாக மாற்றிப் பற்றவைத்தேன். போட்டேன். சத்தமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று ஸ்பீக்கரில் காதை வைத்தால் மணல் சரிவதுபோல மெல்லிய ஓசை மட்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆம்ப்ளிஃபயரில் எனக்குத் தெரிந்தவையெல்லாம் இப்படித் தெரிந்தவைதான்.

செய்வது என்று முடிவானால் முதல் நடை

வைண்டிங் கடைக்கு. மற்ற பாகங்களை அதற்கு முன்னால் வாங்காதீர்கள். டிரான்ஸ்பார்மர் அமையாவிட்டால் எல்லாம் வீண். கோவையில் மோட்டார் வைண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர்கள் பழகியது பம்பும் ஸ்டெபிலைசரும். நான் கொண்டுபோன தாளைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், “ஏனுங்க தம்பி, பிரைமரிய மொத்தமா சுத்திட்டு அது மேல செகண்டரியச் சுத்தினா ஆகாதுங்களா? எதுக்குங்க இத்தன அடுக்கு?” என்றார். நியாயமான கேள்வி. ஸ்டெபிலைசருக்கு ஆகும். இங்கே அப்படிச் சுற்றினால் இரண்டு சுருளுக்கும் நடுவே காந்தம் கசிந்து, ஜால்ரா, வயலின் மேல்ஸ்தாயி எல்லாம் மங்கிப்போகும். பிரைமரியைத் துண்டாக்கி நடுநடுவே செகண்டரியைச் செருக வேண்டும். சொன்னதும் புரிந்துகொண்டார். “அப்ப காகிதம் நெறைய போடோணுங்க, ஒரு வாரம் ஆகும்” என்றார்.

முதல் தடவை புஷ்-புல், அதாவது வால்வு ஜோடியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர், போதும் என்று நான் சொல்வதற்குக் கடைக்காரரும் ஒரு காரணம். அதில் இரண்டு வால்வின் டி.சி.யும் இரும்புக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தகடுகளை வழக்கம்போல மாற்றி மாற்றி அடுக்கலாம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எல்லாத் தகட்டையும் ஒரே பக்கமாக அடுக்கி, கணக்கான இடைவெளிக்குக் காகிதம் வைக்க வேண்டும்; பழக்கமில்லாத கைக்கு அது தவறும்.

தாளில் எழுத வேண்டியது இது. பவர் டிரான்ஸ்பார்மர்: பிரைமரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், செகண்டரி 230-0-230, 250 மில்லிஆம்பியர், தனியே 6.3 வோல்ட், 5 ஆம்பியர், நடு டேப்போடு. சிலிக்கான் டயோடு போட்டால் 230-ஐ 1.414-ஆல் பெருக்கிய 325 வோல்ட் உச்சம் வரும். சுமை ஏறியதும் முந்நூறை ஒட்டி நிற்கும். வால்வு இல்லாத நேரத்திலும், லைனில் வோல்ட் ஏறுகிற ராத்திரியிலும் இன்னும் எகிறும் என்பதால் கண்டென்சர்கள் 450 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இரண்டு: பிரைமரி 8,000 ஓம், நடு டேப்போடு, செகண்டரி 8 ஓம், 15 வாட், பிரைமரி மூன்று துண்டு, நடுவில் செகண்டரி இரண்டு துண்டு.

வாங்கப் போகிறபோது மீட்டரையும், 12 வோல்ட் ஏ.சி. தரும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரையும் எடுத்துப்போங்கள். 8,000-க்கும் 8-க்கும் விகிதம் ஆயிரம். சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், 31.6. பிரைமரியின் இரண்டு முனைகளுக்கும் 12 வோல்ட் கொடுத்தால் செகண்டரியில் 0.38 வோல்ட் காட்ட வேண்டும். மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், செகண்டரியில் 12 கொடுத்தால் மறுபக்கம் 380 நிற்கும். பிறகு நடு டேப்பிலிருந்து இரு பக்கமும் அளந்தால் ஆறும் ஆறுமாகச் சமமாக இருக்க வேண்டும். என் இரண்டு டிரான்ஸ்பார்மரில் ஒன்று 6.0, 6.0 காட்டியது; மற்றது 6.4, 5.6. கடைக்காரர் தன் மீட்டரையும் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.